ஆண்குறிப் புற்றுக்கட்டியிலும் ரத்தத்திலும் நோயெதிர்ப்புச் செல்களைப் பிரித்து எண்ணுவது எப்படி

ஆண்குறியில் வரும் புற்றுநோய்களில் சுமார் 95 சதவீதம் செதிள் செல் வகையைச் சேர்ந்தவை. மார்பகக் கட்டியைப் போலவோ சிறுநீரகக் கட்டியைப் போலவோ இது சுத்தமான சதைத் துண்டாக ஆய்வகத்துக்கு வராது. முன்தோல் பின்னுக்குத் தள்ள முடியாத நிலையில் பல மாதங்கள் உள்ளேயே வளர்ந்து, புண்ணாகி, சீழ் பிடித்து, மேலே கெரட்டின் செதிள்கள் அடுக்கடுக்காகப் படிந்த பிறகுதான் பெரும்பாலும் கத்திக்கு வருகிறது. அதனால் எண்ணிக்கையில் தெரியும் நியூட்ரோஃபில் (பாக்டீரியாவைத் தாக்கும் வெள்ளணு) கூட்டம் கட்டியை நோக்கி வந்ததா, புண்ணிலுள்ள பாக்டீரியாவை நோக்கி வந்ததா என்ற கேள்வி ஒவ்வொரு மாதிரியிலும் எழும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்படி வேலையை முதல் நாளிலிருந்தே அமைத்துக்கொள்ள வேண்டும். ஃப்ளோ சைட்டோமீட்டரில் (சாயமிட்ட செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு எண்ணும் கருவி) ஓட்டி முடித்த பிறகு அதைச் சரிசெய்ய வழி கிடையாது.

இங்கே சொல்லப்படுவது ஆராய்ச்சிக்கான முறை. ஒரு நோயாளியின் சிகிச்சையை முடிவு செய்யும் பரிசோதனையாக இதைக் கொள்ளக் கூடாது.

மாதிரி வருவதற்கு முன்

நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் எழுத்துபூர்வ ஒப்புதலும் கையில் இருக்க வேண்டும். இந்த நோயை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டே பலர் தாமதமாக வருகிறார்கள். ஆகவே ட்யூபிலும் நோட்டிலும் குறியீட்டு எண் மட்டும் இருக்கட்டும், பெயர் எங்கும் வர வேண்டாம்.

ஒரு பக்கத் தகவல் படிவம் தயாரியுங்கள். கடந்த 2 வாரங்களில் ஆன்டிபயாடிக் எடுத்தாரா, ஸ்டீராய்டு எடுத்தாரா (கீமோவின்போது வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்சாமெத்தசோனும் இதில் சேரும்), நீரிழிவு உண்டா, புகைப்பழக்கம் உண்டா, எச்ஐவி நிலை என்ன, கடைசி கீமோ எந்தத் தேதியில், பெம்ப்ரோலிசுமாப் அல்லது நிவோலுமாப் (டி-செல்லின் பிடி-1 தடையை நீக்கும் மருந்துகள்) போட்டிருக்கிறதா என்ற கேள்விகள் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். எச்ஐவி தொற்று உள்ளவர்களுக்கு ஆண்குறிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல். தெரியாமல் ஒரே ஒரு எச்ஐவி மாதிரி கலந்துவிட்டாலும் சிறிய ஆய்வில் சிடி4 டி-செல்களின் சராசரி சாய்ந்துவிடும் (சிடி எண் என்பது செல்லின் மேலுள்ள ஒரு குறியீட்டுப் புரதத்தின் பெயர்). படிவத்தோடு அன்றைய முழு ரத்த எண்ணிக்கையையும் சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதம்) அளவையும் வாங்கி இணைத்துவிடுங்கள்.

எச்பிவி (மனித பாப்பிலோமா வைரஸ்) நிலை தெரியாத மாதிரியைப் பாதி மாதிரி என்றே கருத வேண்டும். இந்தக் கட்டிகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எச்பிவியால் வருபவை, அதிலும் எச்பிவி-16 வகைதான் மிகுதி. மீதமுள்ளவை லைக்கன் ஸ்கிளிரோசஸ் போன்ற நாட்பட்ட அழற்சியின் வழியாக வருகின்றன. 2022-இல் வந்த உலக சுகாதார நிறுவன வகைப்பாடு இந்த இரண்டையும் தனித்தனிக் குழுக்களாகவே வைக்கிறது. பேசலாய்டு, வார்ட்டி போன்ற வகைகள் எச்பிவி சார்ந்தவை. வழக்கமான வகையும் வெருக்கஸ் வகையும் எச்பிவி சாராதவை. வைரஸ் புரதங்களை வெளிக்காட்டும் கட்டியையும் அப்படிக் காட்டாத கட்டியையும் ஒரே பட்டியலில் சேர்த்துச் சராசரி எடுத்தால், இரண்டுக்குமே பொருந்தாத ஓர் எண்தான் கிடைக்கும். எச்பிவியின் அடையாளமாகக் கொள்ளும் பி16 புரதத்தின் சாயம் செல் கருவிலும் சைட்டோபிளாசத்திலும் அழுத்தமாக, இடைவெளியில்லாமல் ஏறியிருந்தால் மட்டுமே பாசிட்டிவ் என்று எழுதுங்கள். திட்டுத்திட்டாக ஏறியிருந்தால் அது நெகட்டிவ். சந்தேகம் வந்தால் பிசிஆர் மூலம் வைரஸ் டிஎன்ஏவைத் தேடலாம். முடிவு வரும்வரை திசுவைக் காத்திருக்க வைக்காமல் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

ரத்தம்

அறுவை சிகிச்சைக்கு முன்பு, மயக்க மருந்து கொடுப்பதற்கும் முன்பு எடுக்க வேண்டும். கத்தி பட்ட சில மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில் ஏறி லிம்போசைட் (டி-செல், பி-செல், இயற்கைக் கொல்லிச் செல் அடங்கிய வெள்ளணு வகை) இறங்கிவிடும். ரத்தம் உறையாமல் காக்கும் ஈடிடிஏ ட்யூப்களில் 20 மி.லி. போதுமானது. செல்களைப் பிறகு தூண்டிப் பார்க்கும் திட்டம் இருந்தால் கூடுதலாக ஒரு ஹெப்பாரின் ட்யூப் எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸில் வைக்காமல் 18 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் கொண்டுவர வேண்டும். ரத்தம் 4 மணி நேரத்துக்குள் ஆய்வக மேசைக்கு வந்தால் நல்லது. தாமதமானால் நியூட்ரோஃபில்கள் தூண்டப்பட்டு அடர்த்தி குறைந்து, கீழே சொல்லும் ஃபைக்கால் சுழற்சியில் லிம்போசைட்டுகள் சேரும் வளையத்துக்குள் வந்து ஒட்டிக்கொள்ளும். அடக்கும் மைலாய்டு செல்கள் (டி-செல்களை அடக்கும் நியூட்ரோஃபில், மோனோசைட் வகைச் செல்கள்) கூடிவிட்டன என்று அப்போது தவறாக எழுதிவிடுவீர்கள்.

ரத்தத்தை அதே அளவு பிபிஎஸ் (உப்பு பஃபர்) கரைசலோடு கலக்குங்கள். 50 மி.லி. ட்யூபில் 15 மி.லி. ஃபைக்கால் (செல்களை அடர்த்திப்படி பிரிக்கும் கரைசல், அடர்த்தி 1.077) ஊற்றி, கலவையை ட்யூபின் சுவரோரமாக மெதுவாக அதன் மேல் விடுங்கள். 400 ஜி (புவியீர்ப்பைப் போல் 400 மடங்கு) விசையில், அறை வெப்பநிலையில், பிரேக் இல்லாமல் 30 நிமிடம் சுழற்ற வேண்டும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்று எண்ணிக்கை மட்டும் காட்டினால் ரோட்டரின் ஆரத்தை அளந்து கணக்கிடுங்கள். 17 செ.மீ. ஆரத்துக்கு 400 ஜி என்பது நிமிடத்துக்குச் சுமார் 1,450 சுற்று. பிரேக் போட்டால் வளையம் கலங்கிவிடும். வெண்வளையத்தை உறிஞ்சி எடுத்து, இரண்டு முறை பிபிஎஸ்ஸில் கழுவுங்கள். இரண்டாவது முறை 200 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றினால் பிளேட்லெட்டுகள் மேலேயே தங்கிவிடும். ஒரு மி.லி. ரத்தத்துக்கு 10 முதல் 20 லட்சம் செல் வரை கிடைக்கும்.

ஃபைக்கால் முறையில் சாதாரண நியூட்ரோஃபில்கள் அடியில் போய்விடுகின்றன. ஆகவே நியூட்ரோஃபில்-லிம்போசைட் விகிதத்தை வளையத்திலிருந்து கணக்கிட முடியாது. அதை முழு ரத்த எண்ணிக்கையிலிருந்து எடுங்கள். ஒரு மைக்ரோலிட்டருக்கு எத்தனை செல் என்ற கணக்கு வேண்டுமென்றால் 100 மைக்ரோலிட்டர் முழு ரத்தத்தைத் தனியாக எடுத்து, எண்ணும் மணிகளை (எண்ணிக்கை தெரிந்த ஒளிரும் நுண்மணிகள்) சேர்த்துச் சாயமிடுங்கள்.

திசுவை எடுக்கும் இடத்தில்

மாதிரி பாழாவதற்கு முக்கியக் காரணம் ஆபரேஷன் தியேட்டரில்தான் இருக்கிறது: வெட்டி எடுத்த திசு வழக்கப்படி நேராக ஃபார்மலினுக்குள் போய்விடுகிறது. முதல் நாளே தியேட்டர் செவிலியரிடம் பேசி, மீடியம் (செல்களை உயிரோடு வைக்கும் ஊட்டக் கரைசல்) ஊற்றிய ட்யூபைக் கையில் கொடுத்து வையுங்கள்.

ஆராய்ச்சிக்கான துண்டை நோயியல் மருத்துவர்தான் வெட்டித் தர வேண்டும். கட்டி ஸ்பாஞ்சியோசம் (சிறுநீர்க்குழாயைச் சூழ்ந்த பஞ்சுத் திசு) பகுதிக்குள் இறங்கியிருக்கிறதா, கேவர்னோசம் (விறைக்கும் இரட்டைத் தண்டு) பகுதிக்குள் இறங்கியிருக்கிறதா என்பதை வைத்தே கட்டியின் ஆழத்தை டி2, டி3 என்று பிரிக்கிறார்கள். ஆழம் அளக்கும் இடத்திலும் வெட்டு ஓரத்திலும் நாம் கைவைத்தால் நோயாளியின் அறிக்கையே கெட்டுப்போகும். மேற்பரப்பின் செத்த பொருக்கும் வேண்டாம். அதைச் சீவித் தள்ளிவிட்டு, உள்ளே வெளிர் சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருக்கும் பகுதியிலிருந்து அரை கிராம் முதல் 1 கிராம் வரை கேளுங்கள்.

கிடைத்த துண்டை நடுவில் பிளந்து, ஒரு முகத்தை ஃபார்மலினுக்கும் அதன் எதிர்முகத்தைச் செல் பிரிப்புக்கும் அனுப்புங்கள். செலவில்லாத வேலை இது, பலன் மிகப் பெரியது. ஃபார்மலினுக்குப் போன முகத்தின் ஸ்லைடில் நியூட்ரோஃபில் நிறைந்த நுண்சீழ்க் கட்டிகள் தெரிந்தால், ஃப்ளோவில் பார்த்த நியூட்ரோஃபில் எங்கிருந்து வந்தது என்று உடனே புரியும். அந்த முகத்தில் கட்டியே இல்லாமல் வெறும் அழற்சி மட்டும் இருந்தால் மாதிரியைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம்.

ஒப்பிட எடுக்கும் “இயல்பான” தோலையும் கவனமாகப் பாருங்கள். லைக்கன் ஸ்கிளிரோசஸ் இருந்தால் தோலடியில் லிம்போசைட்டுகள் பட்டையாகப் படிந்திருக்கும், அதை இயல்பான தோல் என்று சொல்ல முடியாது. நல்ல தோலிலும் அங்கேயே குடியிருக்கும் நினைவு டி-செல்கள் சிடி69, சிடி103 இரண்டையும் காட்டும். சிடி103 தெரிகிறது என்பதற்காக மட்டும் ஒரு செல்லைக் கட்டிக்கு எதிரானது என்று எழுதிவிடாதீர்கள்.

தொடை இடுக்கு நிணமுடிச்சு கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது லிம்போசைட்டுகளுக்கே உரிய வீடு. நோய் பரவிய முடிச்சைக் கரைத்து ஃப்ளோவில் ஓட்டினால், வீட்டுக்காரர் யார், கட்டிக்குள் புகுந்தவர் யார் என்று பிரிக்க முடியாது. நிணமுடிச்சுக்கு ஸ்லைடே சரியான வழி.

செல்களைப் பிரித்தல்

திசுவை ஆர்பிஎம்ஐ மீடியத்தில், 2 முதல் 8 டிகிரியில் கொண்டுவந்து 4 மணி நேரத்துக்குள் தொடங்குங்கள். வேலை முழுவதும் இரண்டாம் நிலை உயிர்ப் பாதுகாப்புக் கேபினெட்டுக்குள் நடக்க வேண்டும்.

1. பென்சிலின் (மி.லி.க்கு 100 யூனிட்), ஸ்ட்ரெப்டோமைசின் (100 மைக்ரோகிராம்), ஜென்டாமைசின் (50 மைக்ரோகிராம்), ஆம்ஃபோடெரிசின் பி (2.5 மைக்ரோகிராம்) சேர்த்த பிபிஎஸ்ஸில் 5 நிமிடம் வீதம் மூன்று முறை அலசுங்கள். செல்களைப் பிறகு வளர்க்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் படியைக் கட்டாயம் செய்ய வேண்டும். புண்ணான கட்டியில் பாக்டீரியா உறுதியாக இருக்கும்.

2. ஈரத்தைத் துடைத்து எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 1 முதல் 2 மி.மீ. துண்டுகளாக பிளேடால் நறுக்குங்கள். கத்தரிக்கோல் நசுக்கிவிடும்.

3. ஒவ்வொரு கிராமுக்கும் 10 மி.லி. ஆர்பிஎம்ஐ, அதில் மி.லி.க்கு 1 மி.கி. கொலாஜினேஸ் வகை 4, மி.லி.க்கு 0.1 மி.கி. டிஎன்ஏஸ் 1. சீரம் சேர்க்க வேண்டாம். ஈடிடிஏ துளியும் கலக்கக் கூடாது. கொலாஜினேஸுக்குக் கால்சியம் வேண்டும், டிஎன்ஏஸுக்கு மெக்னீசியமும் வேண்டும், ஈடிடிஏ இரண்டையும் பிடித்துக்கொள்ளும்.

4. 37 டிகிரியில் மெதுவாக ஆட்டியபடி 30 நிமிடம் வையுங்கள். பிறகு 70 மைக்ரோமீட்டர் வலையில் வடித்து, தங்கியதை மீண்டும் 15 நிமிடம் புதிய என்சைமில் இடுங்கள். ஒரே மூச்சில் 2 மணி நேரம் வைத்தால் முதலில் பிரிந்த லிம்போசைட்டுகள் செத்துவிடும்.

5. 10 சதவீதம் சீரம் சேர்த்த குளிர்ந்த மீடியம் ஊற்றி என்சைமை நிறுத்துங்கள். 300 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றிக் கழுவுங்கள். படிவு சிவப்பாக இருந்தால் அம்மோனியம் குளோரைடு கரைசலில் 5 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

கரைசல் கோழைபோல் இழுபட்டால், செத்த செல்களின் டிஎன்ஏ வெளியே வந்துவிட்டது என்று பொருள். இன்னும் கொஞ்சம் டிஎன்ஏஸ் சேர்த்து 5 நிமிடம் வைத்தால் இளகும். வலை அடைத்துக்கொண்டால் கெரட்டின் செதிள்தான் காரணம். முதலில் 100 மைக்ரோமீட்டர் வலை, அடுத்து 70, கடைசியாகக் கருவியில் ஏற்றும் முன் 35 என்று படிப்படியாக வடியுங்கள். பெர்கால் அடுக்கில் சுத்தம் செய்தால் லிம்போசைட் அழகாகக் கிடைக்கும், ஆனால் பெரிய மேக்ரோஃபேஜ்கள் தொலையும். மைலாய்டு செல்களை எண்ணும் ஆய்வில் அந்த வழி வேண்டாம்.

டிஸ்பேஸ், டிரிப்சின் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். அவை செல்லின் மேலுள்ள புரதங்களையே வெட்டிவிடும். கொலாஜினேஸும் முழுக்க அப்பாவி இல்லை. அதனால் ஒரு கட்டுப்பாட்டு மாதிரி வேண்டும்: அதே நோயாளியின் ரத்தச் செல்களில் 10 லட்சத்தை எடுத்து, தனி ட்யூபில், கட்டிக்குப் போட்ட அதே என்சைமில், அதே 37 டிகிரியில், அதே நேரம் வையுங்கள். என்சைம் படாத இன்னொரு 10 லட்சத்தையும் பக்கத்தில் வைத்து இரண்டுக்கும் ஒரே நாளில் சாயமிடுங்கள். சிடி4, சிடி8, சிடி56, சிடி62எல், சிசிஆர்7 ஆகியவற்றின் ஒளிர்வு எவ்வளவு இறங்குகிறது என்று அதில் தெரியும். ரத்தத்தில் இருக்கும் ஒரு குறியீடு கட்டியில் இல்லை என்று எழுதும் முன் இந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்தே ஆக வேண்டும்.

சாயமிடுதல்

உயிருள்ளதையும் செத்ததையும் பிரிக்கும் சாயத்தை முதலில், புரதம் இல்லாத பிபிஎஸ்ஸில் போடுங்கள். சீரம் இருந்தால் சாயம் அதிலேயே ஒட்டிக்கொண்டு தீர்ந்துவிடும். கழுவிய பிறகு எஃப்சி தடுப்பான் (ஆன்டிபாடி தவறான இடத்தில் ஒட்டாமல் காப்பது) 10 நிமிடம், அதன் பிறகு ஆன்டிபாடிக் கலவை. பாலிமர் வகைச் சாயங்கள் இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் அவற்றுக்குரிய சாய பஃபரைச் சேர்க்க மறக்காதீர்கள். சேர்க்காவிட்டால் சாயங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இல்லாத இரட்டைப் பாசிட்டிவ் செல்கள் தோன்றும். சிசிஆர்7 ஆன்டிபாடியை 37 டிகிரியில் 15 நிமிடம் முன்கூட்டியே போட்டால் நன்றாக ஏறும்.

திசு நிறைய இருந்தால் மூன்று ட்யூப்களாகப் பிரிக்கலாம். முதல் ட்யூபில் சிடி45, சிடி3, சிடி4, சிடி8, சிடி19, சிடி56, சிடி16, சிடி45ஆர்ஏ, சிசிஆர்7. இரண்டாவதில் சிடி45, சிடி3, சிடி4, சிடி8 ஆகியவற்றோடு டி-செல்லின் நிலையைக் காட்டும் பிடி-1, டிம்-3, லாக்-3, சிடி39, சிடி103, அவற்றோடு கட்டுப்படுத்தும் டி-செல்லுக்காக சிடி25, சிடி127, செல்லுக்குள்ளே ஃபாக்ஸ்பி3, பெருக்கத்தைக் காட்டும் கேஐ-67. மூன்றாவது மைலாய்டு ட்யூப்: சிடி45, சிடி11பி, சிடி14, சிடி15, சிடி33, எச்எல்ஏ-டிஆர், லாக்ஸ்-1. சிடி3, சிடி19, சிடி56 மூன்றையும் அதில் ஒரே நிறத்தில் சேர்த்து விலக்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். 4 மி.மீ. பஞ்ச் பயாப்சி மட்டும் வந்தால் மூன்றுக்கும் ஆசைப்படாமல், கேள்விக்கு மிக அவசியமான ஒரே ட்யூபைத் தேர்ந்தெடுங்கள். மங்கலாகத் தெரியும் குறியீட்டுக்குப் பிரகாசமான சாயம் என்ற விதிப்படி பிடி-1, டிம்-3 போன்றவற்றுக்கு பிஈ போன்ற நிறத்தை ஒதுக்குங்கள். ஒரு சேனலைக் காலியாக விடுவது இந்தக் கட்டியில் மிகவும் உதவும். கெரட்டினும் மேக்ரோஃபேஜும் தாமாகவே ஒளிரும் என்பதால், காலிச் சேனலில் ஒளிரும் புள்ளிகளைப் பார்த்து அவற்றை இனம்காணலாம்.

பெம்ப்ரோலிசுமாப் அல்லது நிவோலுமாப் எடுத்த நோயாளியின் டி-செல்லில் பிடி-1 மறைந்துபோனதுபோல் தெரியக்கூடும். மருந்து அந்த இடத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதால் நம் ஆன்டிபாடிக்கு இடம் கிடைப்பதில்லை. இரண்டு மருந்துகளும் ஐஜிஜி4 வகை ஆன்டிபாடிகள். ஐஜிஜி4-க்கு எதிரான ஆன்டிபாடியைப் போட்டால் மருந்து ஒட்டிய செல்கள் தெரியும்.

கருவியில் வரிசை

நேரத்துக்கு எதிராகப் பார்த்து அடைப்பு ஏற்பட்ட பகுதியை வெட்டுங்கள். பிறகு ஒட்டிய இரட்டைச் செல்களை நீக்குங்கள், செத்தவற்றை நீக்குங்கள், சிடி45 (வெள்ளணுக்கள் காட்டும் குறியீடு) பாசிட்டிவை எடுங்கள். என்சைமில் கரைத்த திசுவில் இரட்டைகள் நிறைய இருக்கும். சிடி3, சிடி14 இரண்டையும் ஒரே செல் காட்டுகிறது என்றால் அது புதுவகைச் செல் அல்ல, பெரும்பாலும் டி-செல்லும் மோனோசைட்டும் ஒட்டிய இரட்டைதான். எல்லைக்கோடு எங்கே போடுவது என்பதை, ஒரே ஒரு ஆன்டிபாடியை மட்டும் விட்டுவிட்டுச் சாயமிட்ட கட்டுப்பாட்டு ட்யூபை வைத்து முடிவு செய்யுங்கள். அந்த ட்யூபையும் கட்டிச் செல்லிலேயே செய்ய வேண்டும். ரத்தத்தில் போட்ட எல்லை கட்டிக்குப் பொருந்தாது.

கட்டுப்படுத்தும் டி-செல்லை சிடி4 பாசிட்டிவ், சிடி25 அதிகம், சிடி127 குறைவு, ஃபாக்ஸ்பி3 பாசிட்டிவ் என்று நான்கையும் சேர்த்துப் பார்த்தே எண்ணுங்கள். மனிதரில் சாதாரண டி-செல்லும் தூண்டப்பட்டதும் கொஞ்ச காலம் ஃபாக்ஸ்பி3 காட்டும், சீழ் பிடித்த கட்டியில் அப்படிப்பட்ட செல்கள் நிறைய.

அடக்கும் மைலாய்டு செல்களில் மோனோசைட் வகை சிடி11பி பாசிட்டிவ், சிடி14 பாசிட்டிவ், சிடி15 நெகட்டிவ், எச்எல்ஏ-டிஆர் மிகக் குறைவு. நியூட்ரோஃபில் வகை சிடி11பி பாசிட்டிவ், சிடி14 நெகட்டிவ், சிடி15 பாசிட்டிவ், இது ரத்தத்தில் லிம்போசைட் வளையத்தோடு வரும். லாக்ஸ்-1 இருந்தால் கூடுதல் உறுதி. கட்டிக்குள் சாதாரண நியூட்ரோஃபில்லும் இதே குறியீடுகளையே காட்டும். டி-செல் பெருக்கத்தை அவை உண்மையில் அடக்குகின்றனவா என்று சோதிக்காதவரை “அடக்கும்” என்ற சொல்லை அறிக்கையில் எழுதாமல் “சிடி15 பாசிட்டிவ் மைலாய்டு செல்” என்றே எழுதுவது நேர்மை.

இயற்கைக் கொல்லிச் செல்களை சிடி3 நெகட்டிவ், சிடி56 பாசிட்டிவ் என்று எடுத்து, சிடி56 பிரகாசமாக உள்ளவை, மங்கலாக உள்ளவை என இரண்டாகப் பிரியுங்கள். தூண்டப்பட்ட செல் தன் சிடி16-ஐத் தானே உதிர்த்துவிடும். ஆகவே கட்டியில் சிடி16 குறைவு என்பதற்கு வேறுவகைச் செல் என்றும் பொருள் இருக்கலாம், அதே செல் வேலை பார்த்து முடித்திருக்கிறது என்றும் இருக்கலாம்.

சிடி8 செல்களில் பிடி-1 மட்டும் இருந்தால் அது தூண்டுதலின் அடையாளம்தான். பிடி-1, டிம்-3, சிடி39 மூன்றும் சேர்ந்து இருந்தால் களைப்பு (நீண்ட தூண்டுதலால் செயல் குன்றிய நிலை) என்று சொல்ல அடிப்படை உண்டு. சிடி39 இல்லாத சிடி8 செல்களில் பல, பழைய வைரஸ் தொற்றுகளை நினைவில் வைத்துக்கொண்டு வழிப்போக்கராகக் கட்டிக்குள் வந்தவை.

எத்தனை செல் ஓட்ட வேண்டும்? ஒரு வகையில் 100 செல் எண்ணினால் எண்ணிக்கைப் பிழை மட்டும் 10 சதவீதம். 0.1 சதவீதம் உள்ள வகையில் 100 கிடைக்க, உயிருள்ள சிடி45 செல்கள் 1 லட்சம் வேண்டும். கட்டி மாதிரியில் ட்யூப் தீரும்வரை ஓட்டுங்கள். உயிருள்ள செல் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் விகிதங்களை நம்ப வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

ஸ்லைடில் பார்ப்பது

ஃப்ளோ எத்தனை என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. ஃபார்மலினில் 24 முதல் 48 மணி நேரம் வைத்த முகத்திலிருந்து 4 மைக்ரோமீட்டர் சீவல்கள் எடுத்து சிடி3, சிடி8, சிடி20, ஃபாக்ஸ்பி3, சிடி68, சிடி163, பிடி-எல்1 (பிடி-1-உடன் இணையும் புரதம்) சாயங்களைப் போடுங்கள். கட்டித் தீவுகளுக்குள், சுற்றியுள்ள இணைப்புத் திசுவில், ஊடுருவும் விளிம்பில் என்று மூன்று இடங்களிலும் தனித்தனியாக எண்ண வேண்டும். சிடி8 நிறைய இருந்தும் எல்லாம் இணைப்புத் திசுவிலேயே நின்றுவிட்டிருந்தால், ஃப்ளோவில் மட்டும் அது “செறிவான கட்டி” போலத் தெரியும். புண்ணின் அடிப்பகுதியை விட்டு எண்ணுங்கள். பிடி-எல்1 கூட்டு மதிப்பெண்ணுக்கு, சாயம் ஏறிய கட்டிச் செல், லிம்போசைட், மேக்ரோஃபேஜ் எல்லாவற்றையும் கூட்டி, உயிருள்ள கட்டிச் செல்களின் எண்ணிக்கையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். குறைந்தது 100 உயிருள்ள கட்டிச் செல் ஸ்லைடில் இருக்க வேண்டும். கெரட்டின் முத்துகளில் ஏறும் பழுப்பு நிறம் பாசிட்டிவ் ஆகாது.

உறையவைத்தல்

மிஞ்சிய ரத்தச் செல்களை 90 சதவீதம் சீரம், 10 சதவீதம் டிஎம்எஸ்ஓ கலவையில், ஒரு குப்பிக்கு 50 லட்சம் முதல் 1 கோடி வரை போட்டு, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிர்வித்து, மறுநாள் திரவ நைட்ரஜனுக்கு மாற்றுங்கள். எச்பிவி-16 வைரஸின் ஈ6, ஈ7 புரதப் பெப்டைடுகளால் தூண்டி இன்டர்ஃபெரான்-காமா எலிஸ்பாட் (அதைச் சுரக்கும் செல்களை எண்ணும் சோதனை) செய்ய இவை உதவும். உருக்கிய பிறகு ஓர் இரவு 37 டிகிரியில் ஓய்வெடுக்க விட்டு, கிணறுக்கு 2 லட்சம் செல் வீதம் இடுங்கள். பெப்டைடு இல்லாமல் அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் உள்ள கிணறும், பிஎச்ஏ (டி-செல்களைப் பொதுவாகத் தூண்டும் பொருள்) போட்ட கிணறும் கூடவே இருக்க வேண்டும்.

நியூட்ரோஃபில் வகை மைலாய்டு செல்கள் உறைநிலையைத் தாங்காது. சிடி62எல் குறியீடும் உறைந்து உருகும்போது இறங்கிவிடும். ஆகவே மைலாய்டு ட்யூபை மாதிரி வந்த அன்றே ஓட்டிவிடுங்கள். அன்று மாலை ஆள் இல்லையென்றால் மற்ற இரண்டு ட்யூப்களையும் தள்ளிவைத்துவிட்டு அதை மட்டுமாவது முடியுங்கள்.